ஆள் கூப்பிடாதீங்க, குழாயை மாத்துங்க

இந்தப் பதிவு முழுக்க முழுக்கக் கக்கூஸ் குழாயைப் பற்றியது. கையில் காபியோ டிபனோ இருந்தால் முடித்துவிட்டு நிதானமாக வாருங்கள். அவசரம் ஒன்றுமில்லை. :-)

மல்லேஸ்வரம் என்றால் எல்லோரும் பென்னே மசாலா தோசை, எட்டாவது கிராஸ் பூக்கடை, சாங்கி ஏரிக்கரை நடை என்று எழுதுகிறார்கள். எழுதவேண்டியதுதான். ஆனால் பிழைக்க வந்த இடத்தில் முப்பது நாற்பது வருஷப் பழைய அபார்ட்மெண்டில் வாடகைக்கோ சொந்தமாகவோ குடியிருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு மல்லேஸ்வரமும் தெரியும். பாத்ரூம் கூரையில் தேசப்படம் போல ஈரத்திட்டு. டக்ட் பக்க ஜன்னலைத் திறந்தால் நாற்றம். மழை கொட்டினால் கேட் பக்கத்துச் சேம்பர் பொங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் கிளம்பும் காலை.

இதற்கு நம் அசோசியேஷன்கள் எல்லாம் வைத்திருக்கும் ஒரே வைத்தியம், "ஆளைக் கூப்பிடு". என் கட்சி, அந்த வைத்தியத்தை நிறுத்தவேண்டும் என்பது. குழாய் பழசாகிவிட்டால் குழாயை மாற்றவேண்டும். மாற்றுகிற காசை மிச்சம் பிடிக்க ஒரு மனுஷனைச் சாக்கடைக்குள் இறக்கக்கூடாது. இவ்வளவுதான் விஷயம். படித்தவர்கள் குடியிருக்கும் பேட்டையில் இதை வாதாடி ஜெயிக்கவேண்டியிருக்கிறது என்பதால்தான் நீளமாக எழுதுகிறேன்.

சந்தின் கதை

முதலில் கொஞ்சம் சரித்திரம். மல்லேஸ்வரம் 1890களில் திட்டம் போட்டு எழுப்பிய பேட்டை. 1898-ல் பெங்களூரில் பிளேக் புகுந்தபோது, நெருக்கியடித்த பழைய பேட்டையை விட்டு ஜனங்கள் காற்றோட்டமான இடம் தேடினார்கள். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வேகமாக வளர்ந்தது அதற்கப்புறம்தான். அதாவது, இந்தப் பேட்டையே சுகாதாரத்துக்காக உருவானது.

அகலமான தெருக்கள், நெடுக்கே மெயின், குறுக்கே கிராஸ். இரண்டு வரிசை வீடுகளின் முதுகுகளுக்கு நடுவே ஒல்லியாக ஒரு சந்து ஓடும். பார்த்திருப்பீர்கள். கன்சர்வன்சி லேன் என்று பெயர். பேர் கௌரவமாக இருக்கிறது, காரணம் கௌரவமானதல்ல. அந்தக் காலத்தில் எடுப்புக் கக்கூஸ். வீட்டின் பின்பக்கம், சந்தைப் பார்த்து ஒரு சின்னத் திறப்பு. விடியுமுன் ஆள் வந்து, அந்தத் திறப்பு வழியாக மலத்தை வாளியில் வழித்துக்கொண்டு போகவேண்டும். முன்வாசல் கோலம் போட, பின்சந்து இவர்கள் வர. எதிரெதிரே பார்த்துக்கொள்ளவே வேண்டாம் என்று ஊரின் வரைபடத்திலேயே ஏற்பாடு செய்திருக்கிறார்கள்!

சமீப வருஷங்களில் இந்தச் சந்துகள் சிலவற்றைக் குடியிருப்போரே சேர்ந்து சுத்தம் செய்து, சுவரில் படம் வரைந்து, நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். நல்ல காரியம். நானும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு குறை: இந்தச் சந்து எதற்காக இருந்தது என்று ஒரு சுவரிலும் ஒரு வரி இல்லை.

எடுப்புக் கக்கூஸ் போனது தானாகப் போகவில்லை. 1970களில் கர்நாடக அமைச்சராக இருந்த பி. பசவலிங்கப்பா, தலையில் மலம் சுமப்பதைத் தடை செய்தார். மத்தியச் சட்டம் 1993-ல்தான் வந்தது. அதற்குப் பிறகும், நம் தமிழ் ஜனங்கள் நிறைந்த கோலார் தங்க வயலில் எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. அங்கே பிறந்த பெஜவாடா வில்சன் அதை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம்தான் பிறகு நாடு முழுக்கப் பரவியது. 2016-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. கர்நாடகத்திலேயே ஹாவேரி மாவட்டம் சவணூரில், 2010-ல், இந்த வேலையில் இருந்தவர்கள் ஊர் நடுவில் தங்கள் மேல் மலத்தை ஊற்றிக்கொண்டு போராடினார்கள். இதெல்லாம் தாத்தா காலத்துக் கதை இல்லை, ஆர்குட் காலத்துக் கதை.

குழாய் எப்படிச் சாகிறது

சரி, குழாய்க்கு வருவோம்.

எண்பதுகளில் கட்டிய கட்டடங்களில் டக்டில் மேலிருந்து கீழே இறங்கும் கக்கூஸ் குழாய் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. நாலு இஞ்ச் விட்டம். இணைப்புகளில் சணல் திணித்து, ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்திருப்பார்கள். நல்ல சரக்குதான், பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால் பெயிண்ட் அடிப்பவர் நமக்குத் தெரியும் பக்கம் மட்டும் அடிப்பார். சுவரைப் பார்த்த பக்கத்துக்குப் பிரஷ் போகாது. துரு அங்கேதான் ஆரம்பிக்கும். உள்ளேயும் ஒரு வேலை நடக்கும். சாக்கடையில் அழுகிய முட்டை வாடை அடிக்கிறதே, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதைப் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றும். அந்த அமிலம் இரும்பையும் தின்னும், சேம்பரின் சிமெண்டையும் தின்னும். இது போதாதென்று நாம் அடைப்பு எடுக்கிறேன் பேர்வழி என்று மாதா மாதம் ஆசிட் வேறு ஊற்றுகிறோம்.

தரைக்கடியில் இருப்பது அநேகமாக மண்குழாய், ஸ்டோன்வேர் என்பார்கள். இரண்டடி மூன்றடித் துண்டுகளாகச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருப்பார்கள். மல்லேஸ்வரத்தில் மரங்களுக்குக் குறைவில்லை. வேருக்கு ஈரம் தெரிந்துவிட்டால் போதும், இணைப்பில் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல் இருந்தாலும் உள்ளே வந்துவிடும். உள்ளே வந்தபின் வலை மாதிரிப் பரவி, போகிற வருகிறதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். அதில் ஒரு சானிடரி நாப்கின், ஒரு ஈரத் துடைப்புத்தாள் மாட்டினால் கதை முடிந்தது.

இப்படிப்பட்ட குழாயில் கம்பி விட்டுக் குத்தினால் தண்ணீர் போகும். ஒரு மாதம் போகும். மறுபடி அடைக்கும். ஒவ்வொரு குத்தலிலும் விரிசல் பெரிசாகும். எம்-சீல் அப்பினாலும் அப்படித்தான். நோய் இருப்பது குழாயில், அடைப்பு அதன் அடையாளம் மட்டும்.

இந்த விஷயத்தில் பாய்மரப் படகுக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. (எங்கேயிருந்து எங்கே போகிறான் என்று பார்க்காதீர்கள், காரணம் இருக்கிறது.) கடலில் வாரக்கணக்கில் போகும் சின்னப் படகுகளில் கக்கூஸிலிருந்து தொட்டிக்குப் போவது ஒன்றரை இஞ்ச் ரப்பர் குழாய். கடல்தண்ணீரும் மூத்திரமும் சேர்ந்தால் உட்சுவரில் சுண்ணாம்பு படியும். ஒன்றரை இஞ்ச் ஓட்டை வருஷக்கணக்கில் விரல் கனத்துக்குக் குறுகிவிடும். ரப்பரும் நாற்றத்தை ஊறவைத்துக்கொள்ளும். அவர்கள் ஒரு சோதனை செய்வார்கள்: வெந்நீரில் நனைத்த துணியால் குழாயின் வெளிப்புறத்தைத் துடைத்து, ஆறியபின் துணியை முகர்ந்து பார்ப்பார்கள். துணி நாறினால் குழாயின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். கழுவுவதில் பிரயோஜனமில்லை, மாற்றிவிடுவார்கள்.

யார் மாற்றுவார்? படகில் இருப்பவர்தான். குப்புறப் படுத்து, பழசை அறுத்து எடுத்து, புதுக்குழாயை வெந்நீரில் இளக்கி மாட்டி, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கவேண்டும். நம் கடற்படையின் தில்னா, ரூபா என்ற இரண்டு பெண் அதிகாரிகள் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிக்காரர். எட்டு மாதம், இரண்டே பேர். நடுக்கடலில் எது அடைத்தாலும் எது உடைந்தாலும் அந்த இருவர்தான் பார்த்தாகவேண்டும். "ஆளைக் கூப்பிடு" என்று சொல்ல அங்கே சந்து கிடையாது. கூப்பிட ஆள் இல்லாத இடத்தில் மனிதன் குழாயை மதிக்கிறான், காலத்தில் மாற்றுகிறான். கூப்பிட்டால் ஆள் வரும் இடத்தில்தான் முப்பது வருஷம் எம்-சீல் அப்புகிறான்.

"உங்க பக்கத்து ஆளுங்கதானே"

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு. போன மழைக்காலத்தில் சேம்பர் மூன்றாவது முறை பொங்கியபோது மீட்டிங் போட்டோம். செகரெட்டரி நல்ல மனிதர், ஓய்வு பெற்ற அதிகாரி. "ஒப்பரன்ன கரெஸித்ரே ஆய்த்து" என்றார். ஒருத்தரைக் கூப்பிட்டால் முடிந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நிம்ம கடெயவரே, நீவே மாதாடி" என்றார். உங்க பக்கத்து ஆளுங்கதான், நீங்களே பேசிடுங்க.

அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெங்களூரில் இந்த வேலைக்கு வருபவர்களில் தமிழும் தெலுங்கும் பேசுகிற தலித் மக்கள் நிறைய என்பது அவருக்குத் தெரியும். நான் தமிழ். ஆகவே நான் பேசவேண்டும். கணக்கு சரிதானே?

ஆள் வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே, "சேம்பர் எவ்ளோ ஆழம் சார்?" என்று கேட்டார். "உள்ள வாங்கண்ணே, பாருங்க" என்றேன். வந்து, மூடியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, பின்பக்கச் சந்தைக் காட்டிச் சொன்னார்: "எங்கப்பா இந்தச் சந்துலதான் சார் வேலை பாத்தாரு. வாளியோட." சாதாரணமாகத்தான் சொன்னார், நாம் 'எங்கப்பா இந்த பாங்க்லதான் வேலை பார்த்தார்' என்று சொல்கிற மாதிரி.

இறங்கவேண்டாம் அண்ணே, மெஷின் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப இன்னிக்குக் கூலி?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் இல்லாமல் தர்மம் பேசக்கூடாது. அன்றைக்குக் கூலி கொடுத்தோம். பிறகு குழாய் மாற்றும் வேலை நடந்த மூன்று நாளும் பிளம்பருக்கு உதவியாளாக, உதவியாளுக்கு உள்ள கூலியில், கயிறு கட்டி இரும்புக் குழாய்களை இறக்கும் வேலையை அவரே செய்தார். பிளம்பர் ஒடிசாவின் கேந்திரபாராக்காரர் (நாடு முழுக்கப் பிளம்பர்களை அனுப்பும் மாவட்டம் அது). இருவருக்கும் பொது பாஷை அரைகுறைக் கன்னடம். வேலை அழகாக நடந்தது. ஒரு வீட்டிலிருந்து டீ வந்தது. பிளம்பருக்கு எவர்சில்வர் டம்ளர், அவருக்குப் பேப்பர் கப். கேட்டால், "டம்ளர் பத்தலை" என்றார்கள். சரி, பத்தாமல்தான் இருந்திருக்கும்.

இதை நம் வாசகர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். வெளியூரில் இருக்கும் நமக்குத் தமிழ்ப் பாசம் கொஞ்சம் அதிகம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தமிழ் கேட்டால் முகம் மலர்கிறது, "எந்த ஊரு?" என்று கேட்டுவிடுகிறோம். பொங்கலுக்குக் கூடுகிறோம், குழந்தைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் நம் சேம்பருக்குள் இறங்குகிறவரும் தமிழ்தான் பேசுகிறார். அவரிடம் "எந்த ஊரு?" என்று கேட்டோமா? சேம்பர் மூடி திறக்கும்போது மட்டும் மொழிப்பாசம் எங்கே போகிறது? வந்த ஊரில் "நீங்கள் வெளியாட்கள்" என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறதல்லவா? அவரைக் கேட்டுக்கு வெளியே நிற்கப் பழக்கியவர்களில் நாமும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது

2013-ம் வருஷச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், அரசாங்கத்துக்கு மட்டுமல்ல, கூலிக்கு அமர்த்துகிற யாருக்கும் இது பொருந்தும். அசோசியேஷன் செகரெட்டரிக்கும் பொருளாளருக்கும் பொருந்தும். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது.

சாவு தூரத்தில் இல்லை. 2017 மார்ச்சில் சி.வி. ராமன் நகரில் ஒரு மேன்ஹோலில் மூன்று பேர் இறந்தார்கள். 2018 ஜனவரியில் ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம் ஒரு அபார்ட்மெண்டின் சுத்திகரிப்புத் தொட்டியில் மூன்று பேர். இரண்டாமவரும் மூன்றாமவரும் இறப்பது பெரும்பாலும் முதலாமவரைக் காப்பாற்ற இறங்கும்போதுதான். ஹைட்ரஜன் சல்ஃபைடின் மோசமான குணம் இது: கொஞ்சமாக இருந்தால் நாறும், அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை இல்லை, இறங்கலாம்" என்பதுதான் ஆபத்தான நேரம்.

மாற்றும்போது கவனிக்கவேண்டியவை

மூன்று நாள் டக்டின் அடியில் நின்று பார்த்ததிலிருந்தும், பிளம்பரைக் கேள்வி கேட்டுக் கொன்றதிலிருந்தும்:

1. வார்ப்பிரும்பை மேலிருந்து கீழாகத்தான் கழற்றவேண்டும். ஒவ்வொரு நீளமும் ஒற்றை ஆள் ஏணியில் நின்று தூக்கும் கனமல்ல. கயிறு கட்டாமல் விடக்கூடாது. கீழே யாரும் நிற்கக்கூடாது.

2. காற்றுக்குழாய் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருந்தால் கட்டிங் மெஷின் வைத்து அறுக்க விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து, முழுசாக இறக்கவேண்டும், மாஸ்க் போட்டுக்கொண்டு.

3. புதுசுக்கு ஐ.எஸ். 13592 முத்திரையுள்ள பி.வி.சி. குழாய். அதிலேயே 'ஏ', 'பி' என்று இரண்டு வகை. 'ஏ' மழைநீருக்கும் காற்றுக்கும், 'பி' கக்கூஸுக்கு. விலை குறைவு என்று 'ஏ'-வை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குழாய் மேலேயே அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள்.

4. ஒவ்வொரு மாடியிலும் கதவு வைத்த இணைப்பு, டோர் டீ, போடச் சொல்லுங்கள். நாளைக்கு அடைத்தால் அந்த மாடியில் திறந்து பார்க்கலாம். யாரும் எதிலும் இறங்கவேண்டாம்.

5. அடியில், குழாய் படுக்கையாகத் திரும்பும் இடத்தில், 90 டிகிரி பெண்ட் ஒன்று வேண்டாம். 45 டிகிரி பெண்ட் இரண்டு. அடைப்பில் பாதி அந்தத் திருப்பத்தில்தான் பிறக்கிறது.

6. படுக்கைக் குழாய்க்குச் சரிவு நாற்பது அடிக்கு ஓர் அடி. குறைந்தால் திடப்பொருள் தங்கும். ரொம்ப அதிகமானால் தண்ணீர் முன்னே ஓடிவிட்டு மற்றது பின்தங்கும். :-)

7. குழாயின் தலை மொட்டைமாடிக்கு மேலே காற்றோட்டமாக முடியவேண்டும். மேலே மூடிவிட்டால், ஒரு வீட்டில் ஃப்ளஷ் இழுக்கும்போது இன்னொரு வீட்டு டிராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்கும் நமக்கும் நடுவில் உள்ள கதவு.

8. மொட்டைமாடி மழைநீரைக் கக்கூஸ் குழாயோடு சேர்க்கக்கூடாது. ஊரில் பாதிக் கட்டடங்கள் சேர்த்துத்தான் வைத்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். மழையில் மேன்ஹோல் பொங்க இதுவே ஒரு பெரிய காரணம். சேர்ப்பது விதிமீறலும்கூட.

9. சுவரை மூடுமுன் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். பிளம்பர் அவசரப்பட்டாலும் நாம் அவசரப்படக்கூடாது.

தரைக்கடி மண்குழாயையும் இதோடு சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. மேலே புதுசு, கீழே பழசு என்றால், புதுச்சட்டையும் கிழிந்த வேட்டியும்தான்.

"ஆனால் சார்..."

வரும் எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

*செலவு ஜாஸ்தி.* ஜாஸ்திதான். எங்களுக்கு வீட்டுக்கு வந்த பங்கு ஒரு நல்ல டிவி விலை. இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கப்போகும் குழாய்க்கு ஒரு டிவி. டிவியை நாம் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம்?

*ஒழுகுவது மேல்வீடு, நனைவது கீழ்வீடு, நடுவில் நான் எதற்குக் கொடுக்கவேண்டும்?* எட்டு வீடும் ஒரே குழாயில்தான் போகிறது. பொதுக்குழாய் பொதுச்செலவு. லிஃப்டுக்குத் தரைவீட்டுக்காரர் கொடுக்கவில்லையா?

*நான் வாடகைக்கு இருக்கிறேன், எனக்கென்ன?* ஓனர் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பார், பெரும்பாலும் நம்மைப் போலவே வெளியூரில் பிழைப்பவர்தான். டக்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். "ஆளை விட்டு க்ளீன் பண்ணிடுங்க" என்று அவர் பதில் எழுதினால், சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

*அவர்களே ஆசைப்பட்டுத்தானே வருகிறார்கள்?* இந்த வாதம்தான் எனக்குத் தாங்காது. அப்பா வாளியோடு வந்த சந்துக்கு மகன் கம்பியோடு வருகிறார். இதில் ஆசை எங்கே இருக்கிறது? மெஷினையும் அதே மனிதர்கள் ஓட்டலாம், குழாய் வேலையை அதே மனிதர்கள் கற்றுக்கொள்ளலாம். அதற்கு யார் கடன் தருகிறார், யார் வேலை தருகிறார் என்பதுதான் கேள்வி. கூலியை வெட்டாமல் குழிக்குள் இறங்குவதை மட்டும் வெட்டமுடியும். நாங்கள் ஒரு சின்னக் கட்டடத்தில் செய்ததை ஊர் செய்யமுடியாதா?

கடைசியாக, காவிரி

காவிரித் தண்ணீர் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டில் ஏற்றப்பட்டு நம் குழாயில் வருகிறது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளுக்கு இன்னும் 77.5 கோடி லிட்டர் சேர்ந்தது. வந்த தண்ணீர் போகவும் வேண்டுமே? காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே நந்தி தீர்த்தம் இருக்கிறது, நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் வரும். விருஷபாவதி ஆற்றின் ஊற்றுக்களில் அதுவும் ஒன்று என்பது ஊர் நம்பிக்கை. அந்த விருஷபாவதி இன்று மேற்குப் பெங்களூரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு, பிடதி பக்கம் பைரமங்கலா ஏரி வழியாக அர்க்காவதியில் கலக்கிறது. அர்க்காவதி சங்கமாவில் காவிரியில் சேர்கிறது. அதற்கப்புறம் ஒகேனக்கல், மேட்டூர். மேட்டூருக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கிழக்குப் பெங்களூர்ச் சாக்கடையின் ஒரு பங்கு தென்பெண்ணையில் இறங்கி, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகத் திரண்டு நிற்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

காடு மல்லேஸ்வரர் கோயில் சிவாஜியின் தம்பி ஏகோஜியோடு சம்பந்தப்பட்டது. 1669-ல் அவர் மானியம் கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. அதே ஏகோஜிதான் பிறகு தஞ்சாவூரை ஆண்டார். மல்லேஸ்வரத்திலிருந்து தஞ்சாவூருக்கு அவர் போன மாதிரியே நம் கழிவும் போகிறது, அவ்வளவு கௌரவமாக இல்லாவிட்டாலும்! காவிரி யாருக்கு எவ்வளவு என்று இரண்டு பக்கமும் சண்டை போடுகிறோம். விரிசல் விட்ட குழாயிலிருந்து மண்ணில் கசிவதும், மழைநீரோடு கலந்து பொங்கி ராஜகால்வாயில் வழிவதும், சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கமே எட்டிப் பார்க்காமல் ஆற்றுக்குத்தான் போகிறது. ஒழுங்கான குழாய் இருந்தால்தான் சுத்திகரிக்கும் வாய்ப்பாவது கிடைக்கும்.

ஆகவே மக்களே, உங்கள் அசோசியேஷனின் அடுத்த கூட்டத்துக்கு மூன்று வரி எழுதிக் கொடுங்கள். ஒன்று, எங்கள் சேம்பரில் எந்த மனிதரும் இறங்கமாட்டார் என்று தீர்மானம். இரண்டு, குழாய் மாற்ற மாதா மாதம் தனி நிதி. மூன்று, குழாய் எந்த வருஷம் போட்டது, எந்த வருஷம் பார்க்கவேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஓர் அட்டை. பெயிண்டுக்கும் சிசிடிவிக்கும் அரை மணி நேரம் பேசுகிறோம், இதற்குப் பத்து நிமிஷம் போதும். கன்னடத்தில் எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், சந்தோஷமாக எழுதித் தருவார்கள். 'கக்கூஸ்' என்ற சொல்லில் சிக்கல் வராது. டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல் அது, கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதேதான்: கக்கஸு. :-)

பி.கு.: தெருவில் உள்ள மேன்ஹோல் பொங்கினால் அது பெங்களூர்க் குடிநீர் வாரியத்தின் வேலை. 1916-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள், ஜெட்டிங் மெஷின் அவர்களிடம் இருக்கிறது. தாமதமானால் மறுபடி கூப்பிடுங்கள். தாமதமாகிறதே என்று தெருமுனையில் யாரையாவது கூட்டி வந்துவிடாதீர்கள். வேறு ஊரில் இருப்பவர்கள் உங்கள் ஊரில் கழிவுநீர் லாரிக்கும் மெஷினுக்கும் யாரைக் கூப்பிடவேண்டும் என்று இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள். பொங்குகிற ராத்திரியில் தேடினால் கிடைக்காது.